ஆசிரியர் வேலையை விட்டுவிடலாமா? சோர்ந்துபோன ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே செய்திதான்: "டீச்சர், இனிமேல் என்னால் முடியாது போலிருக்கிறது." அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று எல்லாப் பக்கமிருந்தும் அழைக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு வந்திருப்பது வெறும் அசதியா, அதற்கும் மேலா? எப்படித் தெரிந்துகொள்வது?

அசதி, தூங்கி எழுந்தால் போய்விடும். காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது முகம் தெளிந்திருக்கும். விடுமுறையின் முதல் நாளே "இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது" என்று நெஞ்சு அடைத்தால், அது வேறு.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், 2019இல், பணிச்சோர்வு என்ற இந்த நிலைக்கு ஓர் இடம் கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை. பணியிட அழுத்தம் நீண்ட காலம் தீர்க்கப்படாமல் கிடந்தால் வரும் நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்கள் சொன்னார்கள். உடலும் மனமும் வற்றிப்போவது. வேலையின் மீது வெறுப்பும் விலகலும். தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றும் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஞாயிறு சாயங்காலம் வயிற்றைப் பிசையும். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகளை "இதுகள்" என்று சொல்லத் தொடங்குவீர்கள். நன்றாகப் பாடம் நடத்திய நாளில்கூட "என்ன நடத்தி என்ன ஆகப்போகிறது" என்று தோன்றும். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் ஆபத்தான திருப்பம். பிள்ளைகள் மேல் பிரியமாக இருந்த ஒருவர் அவர்களை மனதால் தள்ளி வைக்கத் தொடங்கினால், அவரே அதைக் கண்டு பயந்துபோகிறார். "நான் கெட்டவளாகிவிட்டேனா டீச்சர்?" என்று அழுத பெண்கள் உண்டு. இல்லை அம்மா. தாங்க முடியாத சுமையை நெடுநாள் தூக்கினால் மனசு இப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்ளும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடங்குவதில்லை. அவர்களால்தானே இத்தனையும்?

வேலையை விடுகிறேன் என்று என்னிடம் வந்தவர்களிடம் பேச்சை நீட்டிப் பார்த்தால், பிள்ளைகளைக் காரணமாகச் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பலர் விடுவதற்கே தயங்குவது பிள்ளைகளை நினைத்துத்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு போனது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னவர்கள், அந்தக் கைக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை. குடித்துவிட்டு வரும் அப்பனை நினைத்து இரவெல்லாம் தூங்காத பையன் காலையில் பக்கத்துப் பையனைக் கடித்தால், அவனோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் அதே ஆசிரியர்தான் அதையும் செய்கிறார். இல்லாவிட்டால் செய்ய முடியவில்லையே என்று வெந்துபோகிறார்.

பிறகு எதனால்தான் ஆசிரியர்கள் சோர்ந்துபோகிறார்கள்?

பாடம் நடத்த விடாததால். என் அனுபவத்தில் இதுதான் பெரிய காரணம்.

உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்து ஈராசிரியர் பள்ளியின் காலை நேரத்தைப் பாருங்கள். மதுரையில் இருக்கும் ஆசிரியை நாலரை மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்து சேர்கிறார். காலை உணவு முடித்த பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஐந்து வகுப்பும் இவர் தலையில். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவை ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைப்பது அடிபம்புக்குப் பக்கத்தில் மட்டும். அங்கே போய் நின்றால், குழுவில் ஒரு செய்தி: விலையில்லாக் காலணிக்கான கால் அளவுகள் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கழித்தல் கணக்கில் கடன் வாங்குவது புரியாமல், நோட்டை நீட்டிக்கொண்டே பின்னால் வருகிறாள். "இரு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்து வரிசையாகக் கால் அளக்கிறார் ஆசிரியை. பதினொன்றரைக்கு அந்தப் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். டீச்சரும் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் அதிகாரி வந்து கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்: "மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல்கூட வரவில்லையே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

காலை உணவும் காலணியும் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் நம் மதுரையில்தான் தொடங்கியது. பசியோடு வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன; அவற்றின் கணக்கெழுத ஆள் மட்டும் வரவில்லை.

சட்டத்தில் இதற்கெல்லாம் அளவு இல்லையா?

இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35க்கு ஒருவர். பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து வாரம் 45 மணி நேரம். கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் அதே சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு கூட்டம், ஒரு பயிற்சி, ஒரு காய்ச்சல் வந்தால் அது ஓராசிரியர் பள்ளி. இந்தியா முழுவதும் ஓராசிரியரோடு நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பதாக 2024-25க்கான ஒன்றிய அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது.

விலக்களித்த மூன்று பணிகளும் லேசானவை அல்ல. 2019 ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல் அன்று மதுரையில் சித்திரைத் தேரோட்டம்; அதனால் இங்கே மட்டும் வாக்குப்பதிவு இரவு எட்டு மணி வரை நீண்டது. சாவடியில் இருந்த ஆசிரியைகள் இயந்திரத்தை ஒப்படைத்து வீடு திரும்பிய நேரத்தை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஏறி இறங்கினார்கள். ஜனநாயகக் கடமை என்றால் தலைவணங்குகிறேன். அந்த நாட்களில் வகுப்பில் யார் நின்றார்கள் என்று கேட்கவும் செய்கிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு என்ன குறை? கை நிறையச் சம்பளம், நாலு மணிக்கு வீடு, மே மாதம் லீவு. இதைக் கேட்பவர் என் சொந்த மாமனார். என்ன பதில் சொல்வது?

சம்பளத்தைப் பற்றி அவர் சொல்வதில் உண்மை உண்டு, மறுக்காதீர்கள். அதனால்தான் அரசு ஆசிரியர் வேலையை விடுவது அபூர்வம். உடம்பு பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும், ஆள் உள்ளுக்குள் எப்போதோ வெளியேறியிருப்பார். ராஜினாமாக் கடிதங்களை எண்ணுபவர்களுக்கு இந்த வெளியேற்றம் கண்ணில் படாது.

மாமனாருக்குத் தெரியாத சில கணக்குகளும் உண்டு. 2009 ஜூன் 1க்கு முன்பு சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சாலையில் உட்கார்ந்தது இதற்காகத்தான். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியம் இல்லாமல் பங்களிப்புத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்க 2012இல் எடுக்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். இவர்கள் எல்லோரையும் ஊர் ஒரே வார்த்தையில் "கவர்ன்மென்ட் வாத்தியார்" என்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தீர்ப்புக்குப் பிறகு தூக்கமே வரவில்லை. இந்த வயதில் தேர்வு எழுதி என்ன செய்ய?

2025 செப்டம்பர் 1இல் வந்த தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும் என்றும் அது சொன்னது. சேர்ந்தபோது இல்லாத தகுதியை இருபது ஆண்டுக்குப் பிறகு கேட்பது நியாயமா என்று நீங்கள் குமுறுவது எனக்குப் புரிகிறது. என் மனசும் உங்கள் பக்கம்தான். ஆனாலும் சங்கங்கள் வழக்கைப் பார்க்கட்டும், நீங்கள் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து சனிக்கிழமை காலையில் படியுங்கள். பாடப்பகுதி பெரும்பாலும் நீங்கள் தினமும் நடத்துவதுதான். பயம் பாதி தனிமையால் வருகிறது.

தனியார் பள்ளியில் இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். படித்தும் மாதம் பன்னிரண்டாயிரம்தான். ஜவுளிக்கடைக் கணக்கு வேலைக்கு இதைவிட அதிகம் தருகிறார்கள். போகட்டுமா?

உங்களுக்கு வந்திருப்பதைச் சோர்வு என்று சொல்லி மூட எனக்கு விருப்பமில்லை. இது சுரண்டல். சோர்வுக்கு ஓய்வு மருந்து. இதற்குச் சம்பளம்தான் மருந்து.

காலையில் வேன் டியூட்டி, மதியம் சாப்பாட்டு வேளையில் கண்காணிப்பு, மாலையில் மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு, இரவில் பெற்றோர் குழுவில் பதில். ஏப்ரல், மே வந்தால் வெயிலில் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போக வேண்டும். இத்தனை பிள்ளைகளைக் கொண்டுவந்தால்தான் கோடை மாதச் சம்பளம் என்று நிபந்தனை வேறு. பிள்ளை பிடிக்கப் போவதற்கா பி.எட். படித்தோம் என்று ஒரு கணித ஆசிரியர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தொழிலாளர் என்ற பாதுகாப்பும் ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் "தொழிலாளி" ஆகமாட்டார் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கற்பித்தல் உன்னதப் பணி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த உன்னதத்தை மளிகைக் கடையில் கொடுத்தால் அரிசி தருவார்களா?

ஆகவே, போக வேண்டும் என்றால் போங்கள் தம்பி. குடும்பத்தைப் பட்டினி போட்டுத் தியாகி ஆகச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் கல்வியாண்டின் நடுவில் போகாதீர்கள். நிர்வாகத்துக்காகச் சொல்லவில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

வெளியேறும்போது எனக்கு என்ன வர வேண்டும்?

பலர் இதைக் கேட்காமலே போய்விடுகிறார்கள். கேளுங்கள்.

பணிக்கொடை: தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும் என்று ஆக்கப்பட்டது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடி 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குங்கள். 13,000 ரூபாய்க்கு எட்டு ஆண்டு என்றால் 60,000 ரூபாய். எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

வருங்கால வைப்பு நிதி: இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி என்றால் பிடித்திருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட பள்ளிகளும் உண்டு என்பதால், வேலையில் இருக்கும்போதே பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள். மதுரையிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது.

அசல் சான்றிதழ்களைப் பிணையாகப் பூட்டி வைக்கும் வழக்கத்துக்குத் தலையாட்டாதீர்கள். சேரும்போதே நகலைக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் ராஜினாமாவுக்கு முன்பே ஏதாவது விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அனுபவச் சான்றிதழையும் விடாதீர்கள்.

நாலாவது பீரியடுக்குள் குரல் போய்விடுகிறது. இதுவும் இதில் சேருமா?

சேரும். குரல் போன ஆசிரியர் கத்துகிறார், கத்தியதால் இன்னும் குரல் போகிறது, பிள்ளைகளும் சத்தம் கூட்டுகிறார்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டையைக் கனைப்பதை விடுங்கள். இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி வாங்க வெட்கப்படாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் நாலு நாள் பேசும். உங்கள் உயிர் உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வேண்டும்.

வேலையை நினைத்தால் மட்டும் கனமாக இருந்து, வீட்டில் பேரப் பிள்ளையைக் கொஞ்சும்போது மனசு லேசானால், அது பெரும்பாலும் பணிச்சோர்வு. எதிலுமே பிடிப்பில்லை, பசியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது; கட்டணம் இல்லை; தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

நான் தலைமையாசிரியர். இளம் ஆசிரியர்கள் என் பள்ளியில் நிலைப்பதில்லை. என் கையில் என்ன இருக்கிறது?

சம்பளமும் காலிப் பணியிடமும் உங்கள் கையில் இல்லை. மற்றது நிறைய இருக்கிறது.

ஓய்வுப் பாடவேளையைப் பறிக்காதீர்கள். "சும்மாதானே இருக்கிறீர்கள், ஆறாம் வகுப்பைப் பாருங்கள்" என்ற ஒரு வரி எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடுப்பில் போனவருக்குப் பதிலாக அதே இளையவரைத் தினமும் அனுப்பாதீர்கள். அந்த வகுப்புக்கு நீங்களே ஒருநாள் போங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் குழுவில் புள்ளிவிவரம் கேட்காதீர்கள். அலுவலகம் உங்களிடம் அப்போது கேட்டால், அடுத்த நாள் காலை வரை அந்த அவசரத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். தலைமை என்பதே அந்தத் தாங்கல்தான். பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அதிகாரி கடிந்தால் குறுக்கே நில்லுங்கள்.

அடுத்தது தேர்ச்சி விகிதம். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளிக்குள் நூறு சதவீத வெறி போகவில்லை. தோற்ற இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் ஆசிரியரை நிற்க வைக்கும் தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் ஜூன் மாதத்தில் தன் பெயரே எழுதத் தெரியாமல் வந்தவனாக இருப்பான். மார்ச்சில் ஒரு பத்தி எழுதுகிறான். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பாடக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போடும்போது நல்லது கண்டால் ஒரு வரி எழுதுங்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.

அரசு ஆசிரியர் என்றால், ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டு தகுதிவாய்ந்த பணி முடிந்திருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பு தேவை. ஓய்வு வயது இப்போது 60. பணப்பலன் கணக்கை எழுதி வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு முன், கலந்தாய்வில் பக்கத்து ஒன்றியத்துக்கு மாறுதல் கிடைத்தால் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். பலருக்கு வெறுத்துப்போவது வேலை அல்ல, அந்தப் பள்ளியும் அந்தப் பஸ் பயணமும்தான்.

வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டோமே என்று உறுத்துகிறது. திரும்ப வர முடியுமா?

உறுத்தலை நீங்களே தூக்கிச் சுமக்க வேண்டாம். பிள்ளைகளைக் கைவிட்டது, ஒரு நல்ல ஆசிரியரைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத ஏற்பாடு.

உடம்பும் மனசும் தேறட்டும், ஓராண்டு ஆனாலும் ஆகட்டும். கற்பிக்கும் ஆசை திரும்பி வந்தால், மாலையில் உங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அந்த நேரம் பிடிக்கிறதா, பாரமாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டெட் தேர்ச்சி முன்பு ஏழு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2021இல் அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றி, 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் பொருத்திவிட்டார்கள். ஆகவே அந்தச் சான்றிதழும் பி.எட். சான்றிதழும் பத்திரமாக இருக்கட்டும். அடுத்த பள்ளிக்குப் பேசப் போகும்போது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தனை ஓய்வு வேளை, கோடையில் சேர்க்கைக்குப் போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.